வெயில் முந்தும் தோட்டத்தில் சிவப்பு ஒயின்: புதிதாக வேலைக்கு வருபவருக்கு

செப்டம்பரில் மூன்று வாரம் திராட்சைக் குலை வெட்டிவிட்டுப் பாரிசுக்குத் திரும்பிவிடலாம் என்று வந்தவன் நான். தங்கிவிட்டேன். தென்மேற்குப் பிரான்சின் போர்தோ நகருக்குத் தென்கிழக்கே, கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிறது ஆந்த்ர்-தெ-மேர் பகுதி. அங்கே இருபது ஹெக்டேர், நம் கணக்கில் ஐம்பது ஏக்கர், ஒரு குடும்பத்தின் தோட்டம். தாத்தா, அவருடைய மகள், மருமகன், நான், பருவத்துக்கு வந்துபோகும் ஐந்தாறு பேர். விற்பதில் பெரும்பகுதி சிவப்பு ஒயின்.

ஒயின் கூடத்தின் பின்னால் ஒரு சின்ன அறைக்கு இன்றும் ‘சர்க்கரை அறை’ என்றுதான் பெயர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பழம் சரியாகப் பழுக்காத ஆண்டுகள் நிறைய. சாற்றில் இனிப்புப் போதாமல் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை கொட்டித்தான் போர்தோக்காரர்கள் ஒயினுக்கு ஒன்றிரண்டு டிகிரி, அதாவது ஒன்றிரண்டு சதவீதம், ஆல்கஹால் ஏற்றுவார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. இப்போது அந்த அறையில் அடுக்கியிருப்பது டார்டாரிக் அமில மூட்டைகள். இனிப்பு கூடி, புளிப்பு குறைந்துவிட்டது. தாத்தா அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது முணுமுணுப்பார்.

இந்த மாற்றத்துக்குத் தோட்டத்திலும் கூடத்திலும் என்னென்ன செய்கிறார்கள், புதிதாக வரும் நீங்கள் எதை எந்த வரிசையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். போர்தோ நிலவரத்தை வைத்துச் சொல்கிறேன். வேறு ஊர் என்றால் தேதிகளை நகர்த்திக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே இருக்கிறது

அடுப்பு கூடிப்போனால் சோறு என்ன ஆகும்? மேலே குழைந்துவிடும், நடுவில் அரிசியாக நிற்கும். வெயில் கூடிய ஆண்டில் திராட்சைக்கும் அதே கதிதான். சதையில் சர்க்கரை வேகமாக ஏறிவிடுகிறது. தோலும் விதையும் அந்த வேகத்துக்குப் பழுப்பதில்லை. விதை பச்சையாக இருக்கும்போதே ஒயினுக்கு 14 டிகிரி ஆல்கஹால் தரும் அளவுக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. விதை பழுக்கட்டும் என்று காத்திருந்தால் 15-ஐத் தாண்டிவிடும்.

இன்னொரு பக்கம் புளிப்பு. பழத்தில் மாலிக், டார்டாரிக் என்று இரண்டு முக்கிய அமிலங்கள். டார்டாரிக் ஓரளவு நிலைத்து நிற்கும். மாலிக்கைச் செடியே வெப்பத்தில் எரித்துத் தீர்த்துவிடும், இரவும் வெக்கையாக இருந்தால் இன்னும் வேகமாக. நிறமும் அடிவாங்கும். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் தோலில் கருஞ்சிவப்பு நிறமி உருவாவது மந்தமாகிவிடும். ‘நல்ல வெயில், அதனால் நல்ல கருப்பு’ என்ற நினைப்பு ஓரளவுக்குத்தான் சரி.

இது ஏதோ ஒரு மோசமான கோடையின் கதையாகவும் இல்லை. புர்கோன்ய் (பர்கண்டி) பகுதியில் உள்ள போன் ஊரின் அறுவடைத் தேதிகளை 1354-லிருந்து 2018 வரை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். 1988-க்குப் பிறகு அறுவடை, அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிடப் பதின்மூன்று நாள் முன்னால் வந்துவிட்டது. போர்தோவில் இது இன்னும் உறைக்கிறது. இங்கே சிவப்புத் திராட்சையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு மெர்லோ. அது இயல்பிலேயே சீக்கிரம் துளிர்த்து, சீக்கிரம் பழுத்து, நிறையச் சர்க்கரை சேர்க்கும் வகை. குளிர்ந்த காலத்துக்காக நட்ட செடி என்றே சொல்லலாம்.

ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையும் ஏதோ ஒரு வகையில் அடுப்பைத் தணிக்கும் வேலை. கத்தரியும் கையும் இருந்தாலே ஆகிற வேலைகளை முதலில் சொல்கிறேன்.

1. பழத்தை அளக்கப் பழகுங்கள்

ஜூலைக் கடைசியில் பச்சைப் பழம் கறுக்கத் தொடங்கும். அப்புறம் ஆறேழு வாரம்தான். முதல் இரண்டு வாரம் போனதும் வாரம் இருமுறை, அறுவடை நெருங்க நெருங்கத் தினமும், ஒவ்வொரு துண்டு நிலத்திலும் இருநூறு பழம் பறித்துச் சோதிக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் புதியவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். கை தானாக வெயில் பட்ட, நன்றாகக் கறுத்த பழத்துக்குத்தான் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் நிலத்தின் உண்மையான நிலையைவிட ஒரு டிகிரி கூடவே காட்டும். அதனால் குலையைப் பார்க்காமல் கையை விடுங்கள். ஒரு குலையின் தோளில் ஒன்று, அடுத்ததன் நடுவில் ஒன்று, அதற்கடுத்ததன் நுனியில் ஒன்று. வரிசையின் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. வரிசையின் முதல் நான்கு செடியைத் தொடாதீர்கள், ஓரச்செடிக்கு எப்போதும் வெயில் அதிகம்.

பையிலேயே நசுக்கி, வடிகட்டி, சர்க்கரையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒரு சொட்டு விடுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை, ஒயினில் ஒரு டிகிரி ஆல்கஹால் ஆகும். 238 கிராம் என்றால் 14 டிகிரி. 255 என்றால் 15. பிறகு பி.எச். பாருங்கள்: இந்த எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு. சிவப்புக்கு 3.5 வாக்கில் இருந்தால் நிம்மதி. 3.8 என்றால் கூடத்தில் உள்ளவர்கள் முகம் மாறும். 4-ஐத் தொட்டால், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகம் போட்டும் பெரிதாகப் பயன் இருக்காது, கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

சரி, இனிக் கருவியைக் கீழே வைத்துவிட்டு மெல்லுங்கள். தோலைத் தனியாகப் பிரித்து மென்றால் நாக்கில் மண்போல் ஒட்டுகிறதா, மெல்லிய துவர்ப்பாக இருக்கிறதா? விதையைப் பாருங்கள். பச்சையாக இருந்து பல்லில் வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. பழுப்பேறி, வறுத்த பொட்டுக்கடலைபோல் மொறுமொறுவென்று உடைந்தால் தயார். முதல் ஆண்டு எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. தாத்தா இரண்டு துண்டு நிலத்தின் பழத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து எது எது என்று கேட்பார். மூன்றாம் வாரம்தான் சரியாகச் சொன்னேன்.

எல்லாவற்றையும் நோட்டில் துண்டுவாரியாக எழுதுங்கள். இந்த ஆண்டுக்கு மட்டும் பயன்படுவதல்ல அது. பத்தாண்டு கழித்து எந்தத் துண்டைப் பிடுங்கி எதை நடுவது என்று முடிவெடுக்கும்போது அந்த நோட்டைத்தான் புரட்டுவார்கள்.

2. கவாத்தைத் தள்ளிப்போடுங்கள்

டிசம்பரில் இலை எல்லாம் உதிர்ந்ததும் கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவது பழைய பழக்கம். இப்போது மெர்லோவைக் கடைசிக்கு வைக்கிறோம். மார்ச் நடுவில், சில இடங்களில் நுனி மொட்டுகள் விரியத் தொடங்கிய பிறகு.

காரணம், திராட்சைக் குச்சியில் நுனி மொட்டு முதலில் விழிக்கும். அது விழித்துக்கொண்டிருக்கும்வரை அடி மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நீளக் குச்சியை வெட்டாமல் விட்டால் நுனி துளிர்க்கும், நமக்கு வேண்டிய அடி மொட்டு தூங்கும். அப்புறம் வெட்டினால் அடி மொட்டு ஒரு வாரமோ அதற்கும் மேலோ தாமதமாகத்தான் புறப்படும். குச்சியைக் கம்பியில் வளைத்துக் கட்டுவதையும் அதேபோல் தள்ளிப்போடலாம்.

இதில் இரட்டை லாபம். ஒன்று, பழுப்பது சில நாள் தள்ளிப்போகும். இரண்டாவது பனி. ‘பூமி சூடாகிறது, பிறகு எதற்குப் பனியைப் பற்றிக் கவலை’ என்று நானும் கேட்டிருக்கிறேன். குளிர்காலம் மிதமாகிவிட்டதால் செடி மார்ச்சிலேயே துளிர்விடுகிறது. ஏப்ரலில் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், துளிர் கருகிவிடும். 2017 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் போர்தோவில் அதுதான் நடந்தது.

மூன்று பேரை வைத்துக்கொண்டு இருபது ஹெக்டேரையும் மார்ச்சில் கவாத்து செய்ய முடியாது என்பதும் உண்மை. அதனால் வரிசையைத்தான் மாற்றியிருக்கிறோம். தாமதமாகத் துளிர்க்கும் கபெர்னே சொவின்யோன் வகை டிசம்பர், ஜனவரியில். மெர்லோ கடைசியில், அதிலும் பனி தேங்கும் பள்ளத்துத் துண்டு எல்லாவற்றுக்கும் கடைசியில். துளிர் வந்த பிறகு வெட்டும்போது கை நிதானமாக இருக்க வேண்டும். குச்சியை உருவி இழுத்தால் வைத்திருக்க வேண்டிய மொட்டும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அந்த வாரங்களில் பேச்சுக் குறைவாக இருந்தால் நல்லது.

3. இலையைத் தொடுமுன் சூரியன் எங்கே என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் அடிபட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய பாடம் இது: குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிடு, காற்றோட்டம் வரும், பூஞ்சை வராது, பழம் நன்றாகக் கறுக்கும். ஈரமும் மேகமுமாக இருந்த ஆண்டுகளில் அது சரியான பாடம். 2022-இல் ஒரு துண்டு நிலத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். வேலையைச் சுத்தமாகச் செய்கிறேன் பேர்வழி என்று இரு பக்கமும் உருவிவிட்டேன். வரிசை தெற்கு வடக்காக ஓடும் நிலம். அந்தக் கோடையில் வெப்பம் 40-ஐத் தொட்ட நாட்கள் வந்தன. காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்துக் குலைகள் தப்பித்தன. மேற்குப் பக்கத்தில், மாலை நாலு மணி வெயில் நேராக இறங்கும் இடத்தில், பழங்கள் ஒரு பக்கம் மட்டும் வெந்து, சுருங்கி, சுண்டைக்காய் வற்றல் மாதிரி ஆகிவிட்டன. கையில் எடுத்தால் கடகடவென்று சத்தம் கேட்டது. யாரும் திட்டவில்லை. மருமகன் ஒரு குலையை வெட்டிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

ஆகவே கிழக்குப் பக்கம் மட்டும், அதுவும் குலைக்கு நேர் எதிரே உள்ள ஒன்றிரண்டு இலை. மேற்குப் பக்கத்தைத் தொடாதீர்கள். வெப்ப அலை வரப்போகிறது என்று வானிலை அறிவிப்பு வந்துவிட்டால் கிழக்குப் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். கிளையின் கக்கத்தில் முளைக்கும் சின்னத் துளிர்களையும் முன்புபோல் துடைத்தெடுப்பதில்லை, அவையும் நிழல்தான்.

நுனி வெட்டுவது வேறு சங்கதி. சர்க்கரையைச் செய்வது இலை. செடியின் உயரத்தைச் சற்றுக் குறைத்து வெட்டினால் இலைப் பரப்பு குறையும், சர்க்கரை ஏறுவது நிதானமாகும். ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் புதியவர் முடிவு செய்யக்கூடாது. அந்தந்த ஊர்ப்பெயரில் ஒயின் விற்பதற்கான விதிப்புத்தகம் செடியின் உயரம்வரை பேசும்.

சில தோட்டங்களில் வெள்ளைக் களிமண் தூளான கயோலினைத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளிக்கிறார்கள். வெயிலைத் திருப்பியடிக்கும். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. அறுவடைக்கு முன் மழை கழுவிவிட்டால் சரி, இல்லாவிட்டால் பழத்தோடு கூடத்துக்குள் வந்துவிடும்.

பந்தலைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைத் தலைக்கு மேல் பந்தல் போட்டுத்தானே வளர்க்கிறோம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பன்னீர் திராட்சை வேறொன்றுமில்லை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகை. மேலே இலை, கீழே நிழலில் குலை. வெயில் நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. போர்தோவில் கம்பி கட்டிச் சுவர்போல் செங்குத்தாக வளர்ப்பது, கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் விடாமல் பிடிப்பதற்காக. கம்பத்துப் படம் ஒன்றைத் தாத்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அடியில் டிராக்டர் எப்படிப் போகும் என்று கேட்டார்.

4. தரையை மூடி வையுங்கள்

இது சுருக்கமாக. வரிசைகளுக்கு நடுவில் உழுது வெறும் மண்ணாக விட்டால் அது கல் அடுப்புபோல் சூட்டைத் திருப்பிக் குலைமேல் வீசும், ஈரமும் போய்விடும். இலையுதிர் காலத்தில் மொச்சை இனத்துப் பயறு, கோதுமை மாதிரி இருக்கும் ரை, ஓட்ஸ் இவற்றைக் கலந்து விதையுங்கள். மே மாதம் வெட்டாமல் உருளையால் மடக்கிப் படுக்கவைத்தால் அதுவே மூடாக்கு. நாள் கடத்தினால் மூடுபயிர் செடியின் தண்ணீரைக் குடித்துவிடும், வறண்ட வசந்தம் என்றால் முன்கூட்டியே படுக்கவைக்க வேண்டும்.

சொட்டு நீர் போடலாமே என்று கேட்பீர்கள். இங்கே ஊர்ப்பெயர் ஒயினுக்குக் காய்க்கும் செடிக்குப் பாசனம் பொதுவாகக் கிடையாது. கடும் வறட்சியில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் விடலாம். டேங்கரும் ஹோசுமாக ஆகஸ்டில் நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் அந்த வேலைதான்.

5. அறுவடை: ஒரே நாளில் வேண்டாம், நடுப்பகலில் வேண்டவே வேண்டாம்

முன்பெல்லாம் மெர்லோ பழுத்துவிட்டது என்றால் எல்லா மெர்லோவும் ஒரே வாரத்தில் முடியும். இப்போது துண்டு துண்டாக எடுக்கிறோம். சரளைக்கல் மேட்டுத் துண்டு முதலில், களிமண் பள்ளம் பத்து நாள் கழித்து. களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அங்கே செடி தவிக்காது, பழம் நிதானமாகப் பழுக்கும்.

இளஞ்செடிகளின் பழத்தைச் சர்க்கரை 12, 12.5 டிகிரியில் இருக்கும்போதே எடுத்து கிளாரே செய்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் தோலோடு ஊறவைத்து வடிக்கும் வெளிறிய சிவப்பு. இளஞ்சிவப்பு ஒயினான ரோசேவைவிட அடர்த்தி, சிவப்பைவிட இலேசு. குளிரவைத்துக் குடிப்பது. போர்தோவின் பழைய ஒயினே அந்த மாதிரிதான் இருந்தது. ஆங்கிலேயர் போர்தோ சிவப்பை ‘கிளாரெட்’ என்று அழைப்பதும் இந்தச் சொல்லிலிருந்து வந்தது. கோடையில் கனமான சிவப்பை யாரும் தேடுவதில்லை, இது விற்றுவிடுகிறது. என் கருத்தில், பச்சை விதையோடு 14.5 டிகிரி ஒயின் செய்து பீப்பாயில் மறைக்கப் பார்ப்பதைவிட இது நேர்மையான வழி.

இயந்திர அறுவடை என்றால் இரவு மூன்று மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். பகல் இரண்டு மணிக்குப் பறித்த பழம் 30 டிகிரிக்கு மேல் சூட்டோடு வந்து சேரும். லாரியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். அதைக் குளிர்விக்க ஆகும் மின்கட்டணம் தனி. கை அறுவடை என்றால் விடியும் நேரத்தில் இறங்கி மதியத்தில் ஏறிவிடுவோம்.

உங்கள் உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை முதல் நாளிலிருந்து பிரான்சில் வெப்ப அலை நாட்களில் தொழிலாளரைக் காப்பது முதலாளியின் சட்டக் கடமை. குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் குடிநீர் தர வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு பொட்டலம் உப்பு. மயக்கம் வருவதுபோல் இருந்தால் வரிசையை முடித்துவிட்டு உட்காரலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயே உட்காருங்கள்.

6. தொட்டியில்: டிகாஷன் இறக்கத் தெரிந்தவருக்கு இது புரியும்

ஃபில்டரில் நல்ல தூள் போட்டு, பக்குவமான வெந்நீர் ஊற்றினால் முதல் டிகாஷன் மணமாக இறங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, அழுத்திப் பிழிந்தால் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். சிவப்பு ஒயின் செய்வதும் தோலிலிருந்து டிகாஷன் இறக்குவதுதான்.

குளிர்ந்த ஆண்டுகளில் தோலில் சரக்குக் குறைவு. அதனால் 28, 30 டிகிரி சூட்டில், ஒரு நாளைக்குப் பலமுறை அடியிலிருந்து சாற்றை இறைத்து மேலே மிதக்கும் சக்கைமேல் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். வெயில் ஆண்டுகளில் தோல் தடிப்பு, சாறு கொஞ்சம். அதே முறையில் செய்தால் நாக்கை உலர்த்தும் துவர்ப்பு வரும். இப்போது 24, 25 டிகிரியில், இறைப்பதைப் பாதியாகக் குறைத்து, சக்கையை நனைய மட்டும் வைக்கிறோம். ஆல்கஹால் ஏற ஏற அது விதையிலிருந்து கசப்பை இழுக்கும் என்பதால் இறைக்கும் வேலையை முதல் நாட்களிலேயே முடித்துக்கொள்வது வழக்கம். பிறகு தினமும் காலை ருசி பார்த்து முடிவு.

நொதிப்பு பாதியில் நின்றுபோவதுதான் அடுத்த தலைவலி. சர்க்கரை அதிகமென்றால் ஈஸ்ட் கடைசியில் தன் ஆல்கஹாலிலேயே மூழ்கித் தளர்ந்துவிடும். அடர்த்திமானியைத் தினம் இரண்டுமுறை போட்டுப் பார்ப்பது உங்கள் வேலையாக இருக்கும். தொடக்கத்தில் 1.100 வாக்கில் இருக்கும், சர்க்கரை தீரத் தீர இறங்கி, முடியும்போது 1-க்குக் கீழே, 0.993, 0.995 என்று வர வேண்டும். ஒரு தொட்டியில் அது 1.004-இல் நான்கு நாள் அசையாமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இனிப்பு மிச்சம், பி.எச். அதிகம் என்றால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டுக்கு அது விருந்து. குதிரை லாய வாடை வந்துவிடும். பக்கத்துத் தொட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நொதிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, போர்வை சுற்றிச் சூடேற்றி, ஒன்பதாம் நாள் கீழே இறங்கியது. அன்றிலிருந்து எண் இரண்டுமுறை ஒன்றாகவே இருந்தால் யாரையாவது எழுப்பிச் சொல்லிவிடுகிறேன், மணி எத்தனையாக இருந்தாலும்.

புளிப்புக்கு என்ன வழி? டார்டாரிக் அமிலம் சேர்க்கலாம், சட்ட வரம்புக்குள். சேர்ப்பதானால் நொதிப்பின் தொடக்கத்திலேயே சேர்ப்பது நல்லது, கடைசியில் சேர்த்தால் நாக்கில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். லகான்சியா தெர்மோடாலரன்ஸ் என்று ஓர் ஈஸ்ட் உண்டு. அது சர்க்கரையில் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றும். புளிப்பு கூடும், ஆல்கஹால் கொஞ்சம் குறையும். அதன்பின் வழக்கமான ஈஸ்டைப் போட்டு முடிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடுமே என்று கேட்காத புதியவர் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது கூடாது. சவ்வு வழியாக ஆல்கஹாலைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வாடகைக்கு வருகிறார்கள். அதற்கும் வரம்புண்டு, செலவும் உண்டு. தோட்டத்தில் செய்யாமல் விட்டதை இங்கே காசு கொடுத்துச் சரிசெய்வது என்றுதான் எங்கள் வீட்டில் அதைப் பார்க்கிறார்கள்.

எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். நொதிக்கும் தொட்டி கரியமில வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஒயினை வடித்த பிறகு சக்கையை வாரத் தொட்டிக்குள் இறங்கும் வேலை புதியவர்களுக்குத்தான் வரும். காற்றோட்ட விசிறி ஓடி, வாயு அளவு பார்த்து, மேலே ஓர் ஆள் நின்றால் ஒழிய இறங்காதீர்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவருக்குப் பதில் இருவர் போவது அப்படித்தான்.

7. கலவையும் பீப்பாயும்

மெர்லோ முன்பு எழுபது, எண்பது சதவீதம் இருந்த கலவையில் இப்போது கபெர்னே ஃப்ரானும் கபெர்னே சொவின்யோனும் ஏறிக்கொண்டே வருகின்றன. பெட்டி வெர்தோ என்று ஒரு வகை. தாத்தா காலத்தில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைகூட ஒழுங்காகப் பழுக்காது என்று பல தோட்டங்களில் பிடுங்கிப் போட்டார்கள். இப்போது அது நிறமும் புளிப்புமாக அழகாகப் பழுக்கிறது. பிடுங்கியவர்கள் வருந்துகிறார்கள். மல்பெக்கும் அப்படியே.

225 லிட்டர் புது ஓக் பீப்பாயைக் குறைத்துவிட்டோம். ஏற்கெனவே பழுத்த பழம், அதில் மரத்தின் இனிப்பும் வனிலாவும் சேர்ந்தால் திகட்டும். 400, 500 லிட்டர் பெரிய பீப்பாய்களும், பழைய சிமெண்ட் தொட்டியும், இரண்டு மண் ஜாடியும் இருக்கின்றன. மண் ஜாடியைக் கழுவும்போது நம்மூர் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வரும். எடை மட்டும் பத்து மடங்கு.

8. புதுச்செடி நடுவது

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாலும் சில நாளும் ஒரு டிகிரியும்தான் வாங்க முடியும். மிச்சம் செடியில் இருக்கிறது. நட்ட செடி மூன்றாம் ஆண்டுதான் ஒயினுக்குக் காய்க்கும். நாற்பது ஆண்டு நிற்கும். இன்று நடுவது 2060-இன் வெயிலில் நிற்கப்போகும் செடி. அதனால்தான் இந்த முடிவைத் தாத்தா எடுப்பதில்லை, மகளிடம் விட்டுவிட்டார்.

முதலில் அடிச்செடி. இங்கே திராட்சை ஏறக்குறைய எல்லாம் ஒட்டுச்செடி, வேர் அமெரிக்க இனங்களுடையது. ரிப்பாரியா, 101-14 போன்ற அடிச்செடிகள் சீக்கிரம் பழுக்கவைக்கும், வறட்சி தாங்காது. ஒரு காலத்தில் அதுதான் தேவையாக இருந்தது. இன்று வறட்சி தாங்கும் 110 ரிக்டர், 140 ருஜ்ஜேரி, 1103 பால்சன் இவற்றைக் கேட்கிறார்கள். சுண்ணாம்பு எவ்வளவு தாங்கும் என்று மண் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கக்கூடாது. இலை மஞ்சளாகி நின்றுவிடும்.

அப்புறம் வகை. போர்தோவுக்குப் பக்கத்தில் வில்நாவ்-தோர்னோன் ஊரில், அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-இல் 52 திராட்சை வகைகளை ஒரே நிலத்தில் நட்டுப் பார்க்கத் தொடங்கியது. எது வெயிலைத் தாங்குகிறது, எதன் ஒயின் போர்தோ மாதிரியே இருக்கிறது என்று. இந்த மாதிரி வேலைகளின் தொடர்ச்சியாக 2021-இல் போர்தோ, போர்தோ சுப்பேரியர் ஒயின்களுக்கு நான்கு புதுச் சிவப்பு வகைகள் அனுமதிக்கப்பட்டன. போர்ச்சுகலின் தூரிகா நசியோனால். கபெர்னே சொவின்யோனையும் கிரனாஷையும் கலந்து 1961-இல் உருவாக்கிய மார்செலான். தன்னாவும் கபெர்னே சொவின்யோனும் சேர்ந்த அரினார்னோவா. மறந்தே போயிருந்த உள்ளூர்க்காரர் காஸ்தெ. பெயர் கேட்டு மயங்கிவிடாதீர்கள், கணக்கு கடுமையானது: தோட்டப் பரப்பில் ஐந்து சதவீதம், கலவையில் பத்து சதவீதம், அதற்குமேல் கூடாது. எங்கள் இருபது ஹெக்டேருக்கு ஒரே ஒரு ஹெக்டேர் வரும்.

அந்த ஒரு ஹெக்டேருக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்பது வேறு கதை. போர்தோ சிவப்பு விற்காமல் தேங்கிப்போனதால் 2023-இல் ஹெக்டேருக்கு ஆறாயிரம் யூரோ கொடுத்துச் செடியைப் பிடுங்கச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் பலர் பிடுங்கினார்கள். எங்கள் வீட்டிலும் சில நாள் பேச்சு நடந்தது. பணம் வாங்கிவிட்டால் அந்த நிலத்தில் உடனே திராட்சையைத் திருப்பி நட முடியாது. கடைசியில் வாங்கவில்லை. 2022-இல் நான் கருக்கிய மேற்குச் சரிவு மெர்லோவைத்தான், நோட்டைப் பார்த்து, சொந்தச் செலவில் பிடுங்கினார்கள். மார்செலான் பாதி, தூரிகா பாதி. வரிசையையும் திருப்பிவிட்டோம், மாலை வெயில் குலைமேல் நேராக விழாதபடி கிழக்கு மேற்காக.

நீங்கள் வரும் ஆண்டில் இப்படி நடவு இருந்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒட்டுச்செடிக்கு நாற்றுப் பண்ணையில் குறைந்தது ஓர் ஆண்டு முன்னால் சொல்லிவைக்க வேண்டும். எந்த வகை, எந்த அடிச்செடி, எத்தனை என்று மூன்றும் தெரிந்தால்தான் அவர்கள் ஒட்டுக் கட்டுவார்கள். எண்ணிக்கையில் நூற்றுக்கு ஐந்து கூடுதலாகச் சொல்லுங்கள், முதல் கோடையில் அவ்வளவாவது பட்டுப்போகும். கன்றுகள் மார்ச் கடைசியில் ஈரச் சாக்கு சுற்றி வரும். வந்த அன்றே வேரைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் காலையில் நட்டுவிடுங்கள்.